துண்டு போட்ட இடம்

அந்தச் சனிக்கிழமை மதியம் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில் பிரிவுத் தலைவர் ஞானசெல்வம். சுவரோரமாக இளைய புரோகிராமர் துளசிராம். ஜன்னல் பக்கம், டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நேரம் முறை என்பதைக் கவனிக்கிற பர்வீன் சிஸ்டர். பெரிய திரைக்கு எதிரே, அந்த முறைகளைப் பதிவு செய்கிற புரோகிராமை எழுதிய சங்கரவடிவு. தண்ணீர் கேன் மாட்ட வந்தவரையும் சேர்த்தால் ஐந்து ஆகும். ஆனால் கேன் இரண்டு தடவை குமிழி விட்டதும் அவர் போய்விட்டார், அவரைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. நான்கு பேரில் மூன்று பேர், தப்புச் செய்தது துளசிராம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூவரில் துளசிராமும் ஒருவன் போலத்தான் தெரிந்தது. தப்பு அவனுடையதில்லை என்பது சங்கரவடிவுக்குத் தெரியும்.

திரையில் 137 என்ற எண் நின்றது. நேற்று மாலை மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, மதுரை சர்வர் அணைந்தது. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் நூற்று முப்பத்தேழு நோயாளிகளுக்கு ‘உங்கள் முறை உறுதி’ என்று செய்தி போயிருந்தது. மறுபடி எழுந்த சர்வரில் அந்த நூற்று முப்பத்தேழு பேரும் இல்லை. செய்தி அனுப்பும் கம்பெனியிடம் எத்தனை என்ற தொகை இருந்தது, யார் யாருக்கு என்பது இல்லை. எல்லா நோயாளிகளுக்கும் மறுபடி ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாமே என்று ஞானசெல்வம் சொல்லிப் பார்த்தார். கொடுத்திருக்கும் எண் பாதிப் பேருக்குத் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையது, அவன் பார்த்து இவருக்குச் சொல்வதற்குள் முறை போய்விடும் என்றார் பர்வீன் சிஸ்டர். இன்று காலை திருமங்கலம் மையத்தில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாராம். செய்தி இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை, அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். கால் வீங்கிப்போய்ச் செருப்பு ஏறவில்லை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டர் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சங்கரவடிவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காலையில் அவள் எழுதிய ஒரு புரோகிராம் இப்போது மதுரை, சென்னை, ஹைதராபாத் மூன்று சர்வர்களிலும் தேடிக்கொண்டிருந்தது. ஒரு பெயர் கிடைத்தால் எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யம் வந்துவிட்டால் நாளைக் காலை முதல் ஷிப்டில் யாரும் கையில் செருப்போடு நிற்கவேண்டாம்.

நூற்று முப்பத்தொன்று. ஏசி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, அதன் கீழே யாரோ வைத்த வாளியில் சொட்டு விழுந்தது, அவள் சொட்டை எண்ண ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள், எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் வேறொன்றை நினைக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த தந்திரம், இன்று அது பலிக்கவில்லை. செருப்பு எந்த மாதிரிச் செருப்பாக இருக்கும், ரப்பரா, தோலா. வார் வைத்ததாக இருந்தால் வாரைத் தளர்த்தியிருப்பாரே, அப்போது ரப்பர்தான். என்ன யோசனை இது. லாக், லாக்கை நினை. லாக் என்பது வேறொன்றுமில்லை, எதைச் செய்வதானாலும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யப்போகிறேன் என்று ஓரிடத்தில் எழுதிவைப்பது. எழுதியது டிஸ்கில் விழுந்த பிறகுதான் வெளியே ‘சரி’ என்று சொல்லலாம், அதற்கு முன் சொல்லக்கூடாது. இந்த ஒரு விதியைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லித் தருவாள், சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள், அப்படி உட்கார்ந்துகொண்டது இப்போது நினைவு வந்து முதுகு கூசியது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவை இழுத்துப் பார்க்கிறவள், காஸ் அடுப்பின் குமிழை இரவில் எழுந்து தொட்டுப் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் போய் இப்படி.

நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினேழு. வெளியே ரோட்டில் ஒரு மினி பஸ் நின்று விசில் கேட்டு நகர்ந்தது. துண்டு. சின்ன வயதில் ஒருநாள் அப்பா ராஜபாளையம் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து மூன்று பேர் இருக்கையில் இடம் பிடித்தார், பிடித்துவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முட்டி மோதிப் படிக்கட்டுக்கு வருவதற்குள் விசில் ஊதி பஸ் கிளம்பிவிட்டது, துண்டு மட்டும் ராஜபாளையம் போய்விட்டது. அப்பா பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் தட்டிக்கொண்டே ஓடினார், நின்றார், வியர்வையைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார், அது இல்லாததால் கையாலேயே துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார். பார்த்தார்கள். அவள் கொஞ்சம் தள்ளி நின்று வேறு யாரோ மாதிரி நின்றாள். இந்தத் தப்பும் அதேதான், அச்சு அசல் அதேதான், காலையில் கண்டுபிடித்தபோது அவளுக்கு அந்த பஸ்தான் முதலில் தெரிந்தது. ஒரே சமயத்தில் நூறு பதிவு வருகிறது, ஒவ்வொன்றும் லாக்கில் தனக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்த பிறகு வந்து உட்காருகிறது. கண்டக்டர் மாதிரி ஒருவன் அதற்குள் எட்டிப் பார்த்து, எந்த எண் வரை துண்டு விழுந்திருக்கிறதோ அதுவரை ஆள் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு விசில் ஊதுகிறான். உட்காராதவர்களுக்கும் சேர்த்து ‘சரி’ போய்விடுகிறது. மின்சாரம் போகாதவரை ஒன்றுமில்லை, கண் இமைப்பதற்குள் அவர்களும் ஏறிவிடுவார்கள். அந்தக் கண் இமைப்பில் போனால் வெறும் இடம்தான் டிஸ்கில் இருக்கும். மறுபடி எழும் சர்வர் முதல் வெற்றிடத்தைப் பார்த்ததும் பஸ் இத்தோடு முடிந்தது என்று நினைத்து, அதற்குப் பின்னால் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிடும். சென்னையும் ஹைதராபாத்தும் மதுரையின் பக்கங்களைப் பார்த்துக் காப்பி எடுக்கிறவை, பல இடங்களில் வெற்றிடத்தையும் அப்படியே காப்பி எடுத்து வைத்திருக்கின்றன. ஒன்று தொலைந்தால் இரண்டு இருக்கும் என்றுதான் மூன்றாக வைத்தது. தப்பு மூன்றாக இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை மீட்டுவிடலாம், எண் குறைவது அதனால்தான். நிஜமான வெற்றிடம் எத்தனை என்பது கடைசியில்தான் தெரியும்.

தொண்ணூற்றாறு. துளசிராம் எழுந்து தண்ணீர் பிடித்துச் சிஸ்டருக்கு ஒரு டம்ளர் கொடுத்தான், இவளுக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனான். வைத்த டம்ளரை அவள் தொடவில்லை. இதே தப்பு மார்ச்சில் ஒரு தடவை சோதனையில் தலைகாட்டியது. நூறு தடவை ஓட்டினால் ஒரு தடவை வரும், வரும்போது பார்த்தால் காரணம் இருக்காது. இரண்டு வாரம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, இடம் பிடிக்கிற இடத்தில் ஒரு ப்ரிண்ட் வரியைப் போட்டாள், இன்ன எண் இடம் பிடித்தது என்று திரையில் எழுதிக் காட்டுகிற ஒரு வரி. அவ்வளவுதான். போட்டதும் தப்பு மறைந்துவிட்டது. ஐநூறு தடவை ஓட்டினாள், வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ப்ரிண்ட் செய்வதற்கு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கவேண்டும், நின்றதில் கூட்டம் வரிசையாகிவிட்டது, துண்டு போட்டவன் உட்கார அவகாசம் கிடைத்துவிட்டது, இது இன்று காலை தெரிந்தது. மார்ச்சில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தனக்குத் தெரியவில்லை என்பது. அதை எழுதியிருக்க வேண்டும். தப்பு மறைந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை, அந்த வரியைத் தொடாதீர்கள் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும். ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினாள். ஞானசெல்வம் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிவரச் சொன்னார். வடிவு பூட்டினா பூட்டினதுதான்யா என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், அவள் அந்தச் சூட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டாள், நான்கு நாள் எதைச் சாப்பிட்டாலும் மரத்த ருசி. சுக்கு அதிகம். இப்போதும் நாக்கு நுனியில் அது வந்தது.

ஆனால் அது கூடப் பரவாயில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது உலகத்தில் நடக்காததா என்று அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள், சொன்னதைத் தானே நம்பவில்லை என்றாலும் சொல்ல முடிந்தது. சொல்ல முடியாதது லிப்ட். போன மாதம், மாலையில், லிப்டுக்குள் இவள், வெளியே துளசிராம், கையில் டிபன் டப்பாவோடு. தேவையில்லாத ப்ரிண்ட் வரிகள் டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்தன, எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தார்கள். லாக் எழுதற எடத்துல ஒரு வரி கெடக்கேக்கா, அத எடுத்துரவா, இல்ல வச்சுக்கவா என்று கேட்டான். கேட்டான். கேட்காமல் எடுக்கவில்லை. இருக்கட்டும் என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் தெரியாது என்று சொல்லவேண்டும். பருத்திப்பால், கைதட்டல், ஐநூறு தடவை, எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கிறது என்று லிப்டுக்கு வெளியே ஒருவனுக்குத் தெரிந்துவிடும். அவள் மூன்று, இரண்டு என்று வரிசையாக இருந்த மாடிப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு, சும்மா போட்டதுதான், எடுத்துரு என்றாள். கதவு மூடிக்கொண்டது. கதவு மூடும்போது அவன் சரிக்கா என்றானா, தலையை ஆட்டினானா, அது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவனுக்கு அது நினைவிருக்கிறதா. நினைவிருந்தால் ஏன் சொல்லவில்லை. நினைவில்லை என்றால், நினைவில்லாத வரை, இல்லை, அப்படி நினைக்கக்கூடாது, ஆனால் நினைத்தாயிற்று. அவனுக்கு மறந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டதை அவள் தானே பார்த்துவிட்டாள், குளிக்கிற இடத்தில் யாரோ எட்டிப் பார்த்த மாதிரி உடம்பு குறுகியது.

ஐம்பத்து நான்கு. ஞானசெல்வம் டயாலிசிஸ் மையத்துக்காரர்களுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் காரணம் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். எழுதுவதை அவர் வாய்க்குள் படித்துக்கொண்டே எழுதுகிறவர், அதனால் எல்லோருக்கும் கேட்டது. உரிய ஆலோசனை இல்லாமல் ஒரு வரி நீக்கப்பட்டதால், நீக்கியவர் இந்தப் பணியிலிருந்து மாற்றப்படுகிறார். துளசிராமை ரிப்போர்ட் எடுக்கிற பிரிவுக்கு அனுப்புவது காலையிலேயே முடிவாகிவிட்டது. மூன்று வருடம் கேட்டுக் கேட்டு இந்த வேலைக்கு வந்தவன் அவன். வந்த அன்று இவள் மேசைக்கு வந்து, லாக்கை உங்ககிட்டதான் கத்துக்கணும்க்கா என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் காகிதக் கவரில் ஏதோ வைத்துவிட்டு ஓடினான், பிரித்துப் பார்த்தால் அவன் வீட்டில் செய்த தட்டை.

துளசிராம் சுவரைப் பார்த்துக்கொண்டே, மெயிலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். “மொத்தம் அறுபத்து மூணு வரி எடுத்தேன் சார். அறுபத்து ரெண்டு கரெக்டு. பாஸ் மார்க்குதானே.” சிஸ்டர் மட்டும் லேசாகச் சிரித்தார். ஞானசெல்வம் சிரிக்கவில்லை. சங்கரவடிவுக்கு அந்த அறுபத்து இரண்டு எங்கோ போய்க் குத்தியது. எண்ணி வைத்திருக்கிறான். தன் மேல் விழுந்ததை ஒன்று கூடக் குறையாமல் எண்ணி வைத்திருக்கிறான்.

முப்பது. சொல்லிவிடலாம். சார், அந்த வரிய எடுக்கச் சொன்னது நான். அவ்வளவுதான், ஒரு மூச்சு. சார் வேண்டாம், நேரே துளசி என்று ஆரம்பிக்கலாமா, இல்லை, அவனைக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் வராது. மார்ச்சிலிருந்து சொல்லவேண்டும். மார்ச்சில் எனக்குக் காரணம் தெரியாது சார், தெரிந்த மாதிரி எழுதினேன். இல்லை, முதலில் லிப்ட். லிப்டைச் சொன்னால் மார்ச்சு தானே வரும். அவள் வாக்கியத்தை எடுத்து வைத்தாள், மாற்றி வைத்தாள், ‘நான்’ என்பதை முன்னால் கொண்டுவந்தாள், எடுக்கச் சொன்னதைப் பின்னால் தள்ளினாள், ஞானசெல்வத்தின் கண்ணாடி இறங்குவதைப் பார்த்தாள், சிஸ்டர் பார்வையைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்தாள், துளசிராமின் தோள் தளர்வதைப் பார்த்தாள், காது சுட்டது, முடிந்துவிட்டது, நல்லவேளை முடிந்துவிட்டது என்று சொட்டு விழும் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது கூட நியாயம்தான் என்று தோன்றியது. அப்போது ஞானசெல்வம், வடிவு, காபி சொல்லட்டா, காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலயே என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார், அக்கறையாக. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் சொல்லவே இல்லை. இடத்தைப் பிடித்திருந்தாள், துண்டைப் போட்டிருந்தாள், உட்காரவில்லை. உள்ளே விசில் ஊதிவிட்டது.

வேண்டாம் சார் என்றாள். பதினாறு. பதினொன்று. பத்து. ஒன்பதில் எண் நின்றது. ஹைதராபாத்தின் கடைசிப் பக்கத்தையும் பார்த்து முடித்துவிட்டதாகத் திரையின் அடியில் ஒரு வரி வந்தது. ஞானசெல்வம் திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மெயிலுக்குத் திரும்பினார், அனுப்பிரட்டா என்று பொதுவாகக் கேட்டார்.

“சார், அனுப்பாதீங்க.” சத்தம் வெளியே வந்ததா என்று பார்க்க அவள் துளசிராமைப் பார்த்தாள். அவன் திரும்பியிருந்தான். வந்திருக்கிறது. “அந்த வரிய எடுக்கலாமான்னு துளசி எங்கிட்ட கேட்டான். நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்த வரியால தப்பு ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. மார்ச்சுலயும் தெரியாது. சரியாயிருச்சுன்னு எழுதிட்டேன்.”

அவள் நினைத்து வைத்திருந்த எந்த வரிசையிலும் அது வரவில்லை. ஞானசெல்வம் கண்ணாடியை இறக்கவில்லை. துளசிராம்தான் பேசினான், சங்கடத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டு. “லிப்டுலதானே. ஞாபகமிருக்குக்கா. நீங்க என்னயப் பாக்காம சொன்னீங்க. அப்பவே என்னமோ உறுத்துச்சு. உறுத்தியும் எடுத்தேன்ல, அப்ப தப்பு எம்மேலயுந்தான.” அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஞாபகமிருக்கிறது. காலையிலிருந்து ஞாபகமிருந்தே தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

ஞானசெல்வம் மெயிலில் ஒரு வரியை அழித்தார். அழிக்கும் விசையை அவர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியது கேட்டது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார், அது அவர் வழக்கம். போகவில்லை. நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். “வேற எங்கெல்லாம் இப்பிடித் தெரியாம சரியாயிருச்சுன்னு எழுதியிருக்க, வடிவு?”

இல்லை சார், வேறெங்கும் இல்லை என்பது நாக்கு வரை வந்தது. எப்போதும் முதலில் வருவது அதுதான். பத்து வருடத்தில் சரி என்று எழுதி மூடிய வேலைகள் பூட்டுகள் மாதிரி ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன, எதை இழுத்துப் பார்த்தாள், எதை இழுத்ததாக நினைத்துக்கொண்டாள், எல்லாம் ஒரே மாதிரி தொங்கின. அவள் வாயை மூடி, திறந்தாள். “பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

அவர் சரி என்று சொல்லவில்லை. சரி என்று சொல்லாமல் இருந்ததைத் தன் வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அவள் எழுதும் எதையும் இன்னொருவர் படித்துப் பார்ப்பார். படிக்கத்தான் வேண்டும்.

பர்வீன் சிஸ்டர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கிடைத்த பெயர்களைத் துளசிராம் அவருடைய போனுக்கு அனுப்பினான், அவர் விரலால் தள்ளித் தள்ளி அவற்றைப் பார்த்தார், இரண்டு மூன்று பெயர்களுக்குத் தலையை ஆட்டினார், தெரிந்தவர்கள் போலிருக்கிறது. நாளைக் காலையில் நானும் வந்து நிற்கிறேன் சிஸ்டர் என்றாள் சங்கரவடிவு. நீங்க வந்து என்ன செய்வீங்க மேடம், அவங்க மொகம் உங்களுக்குத் தெரியாதே என்றார் அவர், குத்தலாக அல்ல, உள்ளதைச் சொல்வதுபோல. பிறகு எழுந்து நின்றார். “யார் செஞ்சதுங்கறது உங்களுக்குள்ள. எட்டு சென்டர்லயும் எங்காளுங்க கதவுகிட்ட நிக்கணும், ராத்திரியே கட்டில் ஒழிச்சு வைக்கச் சொல்லணும். எத்தன பேருன்னு மட்டும் சரியாச் சொல்லுங்க.”

எண் திரையில்தான் இருந்தது, எல்லோருக்கும் தெரியும்படி. சங்கரவடிவு அதைப் படித்துச் சொல்லவில்லை. மதுரையைத் திறந்தாள், சென்னையைத் திறந்தாள், ஹைதராபாத்தைத் திறந்தாள், வெற்றிடங்களை ஒவ்வொன்றாக, விரலை வைத்து, மூன்றிலும் எண்ணினாள். சிஸ்டர் நின்றுகொண்டே காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. எண்ணி முடித்த பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினாள். பிடித்த இடம் இருந்தது, உட்கார்ந்த ஆள் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை.

மீதி ஒன்பது பேர்.